டிப்ஸ் ஊதியமா, கொடையா? ஒரு வழக்கின் வரலாறு

உணவு விடுதியில் பரிமாறுபவருக்கு வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் சில்லறையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் பழக்கவழக்கங்களின் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். அதற்கு வழங்கிவந்த பெயர்களும் அதற்கு இடமளிக்கின்றன. அரபியிலிருந்து வந்த இனாம், பாரசீகத்திலிருந்து வந்த பக்ஷீஷ் ஆகிய இரண்டுமே மேலிருப்பவர் மனமுவந்து கீழிருப்பவருக்கு அளிப்பதைக் குறித்துப் பழகிய சொற்கள். எனினும் சுதந்திர இந்தியாவில் இந்தக் கொடை நீதிமன்றப் படியேறியபோது அதன் பொருள் மாறியது. முதலாளி கொடுக்காத, ஆனால் முதலாளியின் கூரையின்கீழ் கிடைக்கும் பணம் ஊதியம் ஆகுமா என்பதே அங்கு எழுந்த வினா.

ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் உறைவிடமாக இருந்து, 1957-இல் விடுதியாக மாறிய ராம்பாக் அரண்மனையில்தான் அந்த வழக்கு பிறந்தது. ராஜஸ்தான் ஓட்டல் தொழிலாளர் சங்கம் எதிர்த்தரப்பு. தொழிலாளர் பெறும் டிப்ஸையும் கணக்கில் கொண்டே அவர்களுக்குரிய ஊதியத்தை மதிப்பிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்க மறுத்தார். டிப்ஸ் நிர்வாகத்தின் வருவாயிலிருந்து வருவதன்று. சேவையின் தரத்திற்காக வாடிக்கையாளர் தருவது. சில இடங்களில் நிர்வாகமே ஒரு விழுக்காட்டை வசூலித்துத் தொழிலாளர்க்குப் பங்கிட்டாலும் அதன் இயல்பு மாறுவதில்லை. ஆகவே அது ஊதியமன்று எனத் தீர்ப்பு அமைந்தது.

இத்தீர்ப்பு எதைத் தடுத்தது என்பதை அறிய அமெரிக்காவை நோக்கலாம். அங்கு 1966-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், பரிமாறுபவர் பெறும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட முதலாளிக்கு இடமளித்தது. கூட்டாட்சி அளவிலான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், டிப்ஸ் பெறுபவருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டியதோ 2.13 டாலர் மட்டுமே. எஞ்சியது டிப்ஸால் நிரம்பாவிடில் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. 1991 முதல் அந்த 2.13 அசையவில்லை. அங்கே வாடிக்கையாளரின் பெருந்தன்மை முதலாளியின் கடமையைக் குறைத்தது. ராம்பாக் தீர்ப்பு அந்த வழியை இங்கே அடைத்தது.

எனினும் தொழிலாளர் இயக்க வரலாற்றில் வெற்றி என்று மட்டும் இதனைப் பதிவது பாதி உண்மையே. அதே வாதம் 2007-இல் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இம்முறை கைகள் மாறியிருந்தன. குவாலிட்டி இன் சதர்ன் ஸ்டார் என்னும் விடுதி வாடிக்கையாளரிடம் வசூலித்துத் தொழிலாளர்க்குப் பிரித்தளித்த சேவைக் கட்டணம் ஊதியமே என இ.எஸ்.ஐ. கழகம் கூறி, அதற்கும் பங்களிப்புத் தொகை கேட்டது. ஊதியமன்று என வாதிட்டது விடுதி நிர்வாகம். ராம்பாக் தீர்ப்பையே துணைகொண்டு நீதிமன்றம் விடுதியின் பக்கம் நின்றது. இதன் விளைவைத் தொழிலாளியின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். நோயுற்ற நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் உதவித்தொகை, சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. கைக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு சேவைக் கட்டணமாக இருப்பின், அந்த 70 விழுக்காடு எஞ்சிய சிறு பகுதிக்கே கணக்கிடப்படும். படுக்கையில் கிடப்பவருக்கு எவரும் டிப்ஸ் வைப்பதில்லை. (சேவைக் கட்டணத்தையும் ஊதியமாகக் கொண்டால் சிலர் ஊதிய வரம்பைத் தாண்டிக் காப்பீட்டையே இழந்திருக்கவும் கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.)

மூன்றாவதாக வந்தது வருமான வரித்துறை. கடன் அட்டை வழியே வரும் டிப்ஸ் முதலில் விடுதியின் கணக்கில் விழுந்து, பின்னரே ஊழியரை அடைகிறது. எனவே அது சம்பளம். விடுதி வரிப்பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது துறை. தில்லி உயர் நீதிமன்றம் 2011-இல் இதை ஏற்றது. ஐ.டி.சி. வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விடுதி அப்பணத்தை ஊழியர்க்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பதே அன்றி, வேலை ஒப்பந்தத்தின்படி தருவதன்று, ஊழியர் கையில் அது சம்பளமாகாது, இதர வகை வருமானமே.

மூன்று வழக்குகளிலும் கோட்பாடு ஒன்றே. அதனால் பயனடைந்தவர் மட்டும் வேறு. 1976-இல் தொழிலாளி, 2007-இல் விடுதி, 2016-இல், வரிப்பிடித்தக் கடமையிலிருந்து விடுபட்ட அளவில், மீண்டும் விடுதி. ஊதியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பணம் முதலாளியின் கைக்கு எட்டவில்லை என்பது உண்மை. அதே காரணத்தால் ஊதியத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட பாதுகாப்பும் அதற்கு எட்டவில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே மாதம் இடைக்காலத் தடை பெற்ற தில்லி உயர் நீதிமன்ற வழக்கு, 2025 மார்ச் 28-இல் ஆணையத்துக்குச் சாதகமாக முடிந்தது. மனுதாரர்களான இரு உணவக, விடுதிக் கூட்டமைப்புகளும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை செலுத்தப் பணிக்கப்பட்டன. சேவைக் கட்டணம் தொழிலாளரின் நலனுக்கே என்பதும் கூட்டமைப்புகளின் வாதங்களுள் ஒன்று. ராம்பாக் வழக்கின் தலைப்பில் ஒரு தொழிலாளர் சங்கத்தின் பெயர் இருந்தது. பின்வந்த மூன்று வழக்குகளின் தலைப்புகளிலும் விடுதிகள், அவற்றின் கூட்டமைப்புகள், அரசு ஆகியோரின் பெயர்களே உள்ளன.