கான்கிரீட்டுக்கு ஒரு அறுபதாம் கல்யாணம்

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, கான்கிரீட் தூணும் உத்தரமுமாக எழுப்பிய கட்டடத்தின் ஆயுள் (தொழிற்சாலை நீங்கலாக) 60 வருடம். வருஷா வருஷம் தேய்மானம் எழுதிக்கொண்டே போனால், அறுபதாவது வருஷம் புத்தகத்தில் மிஞ்சுவது கொசுறுதான்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு டெல்லி பிரகதி மைதானத்துக்கு வாருங்கள். 1972 வர்த்தகக் கண்காட்சிக்காக அங்கே எழுந்தது ஹால் ஆஃப் நேஷன்ஸ். வடிவமைத்தவர் ராஜ் ரேவல், பொறியாளர் மகேந்திர ராஜ். அவ்வளவு பெரிய கூடத்துக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது. முக்கோணப் பின்னல்தான் தாங்கியது. வெளிநாட்டில் இதை இரும்பில் செய்வார்கள். இங்கே அன்று இரும்புக்குத் தட்டுப்பாடு, ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் அங்கேயே கான்கிரீட் வார்த்துக் கையாலேயே கட்டினார்கள்.

இடிக்கப் போகிறார்கள் என்றதும், பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடினார்கள். 60 வயதாகவில்லை, சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. அப்போது அதன் வயது 45. 2017 ஏப்ரலில் ராவோடு ராவாக இடித்துவிட்டார்கள்.

சண்டிகர் தப்பித்தது. கார்புசியே வடிவமைத்த தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டசபை மூன்றும் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

பட்டியலில் ஏறினால் மட்டும் போதுமா? நம் வீட்டு சன்ஷேடில் பார்த்திருப்பீர்கள்: நீர் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் பெயர்ந்து விழும். மேஸ்திரி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார். சண்டிகரில் அது நடக்காது. பூச்சில்லாத அந்தச் சுவரில் அன்று முட்டுக் கொடுத்த பலகையின் தடம் அப்படியே இருக்கிறது. பூசினால் அது போச்சு! பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, துருவைச் சுரண்டி, பழைய நிறத்துக்கும் கரகரப்புக்கும் பொருந்துகிற கலவையால் அடைக்க வேண்டும். அங்கேயே பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பியர் ஜான்னரே கட்டிய காந்தி பவனைப் பாதுகாக்கத் திட்டம் போடுவதற்கே 2015-ல் கெட்டி அறக்கட்டளை பணம் கொடுத்தது.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

கணக்குப் புத்தகத்தில் கட்டடம் சாவது 60-ல். டெல்லி விதிப்படி அது பாரம்பரியமாகப் பிறப்பதும் 60-ல்தான். எல்லாம் சரி... அறுபதாம் கல்யாணம் பண்ணிப் பார்க்க வேண்டுமென்றால், அதுவரை ஆளை உயிரோடு விட்டு வைக்க வேண்டாமா?