ஒரு பாங்கு, ஆயிரம் வீடு



நோன்பு காலத்தில் மஹ்ரிபுக்கு முன்னமே ரேடியோவைப் போட்டு வைப்போம். முஸ்லிம் சேவையில் பாங்கு கேட்டதும் ஈத்தம்பழத்தை வாயில் வைப்போம். பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் ஒரு வீடு கேட்டாலும் ஆயிரம் வீடு கேட்டாலும் வானொலி நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியதிலிருந்து இதுதான் கணக்கு.

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது அந்தக் கணக்கு தலைகீழானது. நாங்கள் சூமில் ஒரு பாடம் நடத்தினால், 40 பிள்ளைகளுக்கு அது 40 தனிப் பிரதிகளாகப் போகும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு வாப்பா ரீலோட் போட வேண்டும். வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். ரீலோட் முடிந்த பிள்ளை வகுப்பிலிருந்து மறைந்துவிடும். "ரேடியோ மாதிரி இதையும் ஒருக்கா அனுப்பினால் போதாதா சேர்?" என்று ஓர் உம்மா கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வழியும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் மல்டிகாஸ்ட்.

1980களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் என்ற ஆய்வு மாணவர், தன் ஆசிரியர் டேவிட் செரிட்டனுடன் சேர்ந்து இதை வகுத்தார். 1989 ஆகஸ்டில் அது இன்டர்நெட்டின் விதியாகவே வெளியானது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். 40 வீட்டுக்கு 40 பேர் 40 பாத்திரம் தூக்கி ஓடத் தேவையில்லை. சந்திவரை ஒரே சட்டி போகும். பாதை பிரியும் இடத்தில்தான் பிரிப்பார்கள். மல்டிகாஸ்டும் அப்படித்தான். அனுப்புபவர் ஒரு பிரதியைக் குழு முகவரி ஒன்றுக்கு அனுப்புவார். 224 முதல் 239 வரையான எண்ணில் தொடங்கும் முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. வேண்டியவரின் கணினி பக்கத்து ரவுட்டரிடம் "நானும் சேர்கிறேன்" என்று சொல்லும். வழி பிரியும் இடத்தில் மட்டும் ரவுட்டர் பிரதி எடுக்கும்.

அந்த நாட்களில்தான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ, நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்புக்கு அடித்தளம் போட்டார். 1990இல் அதன் மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது.

1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இன்டர்நெட் பொறியியலாளர் கூட்டத்தின் ஒலி, மல்டிகாஸ்ட் வழியாக மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்குப் போனது. இனி உலகமே இப்படித்தான் கேட்கும் என்று பலர் நம்பினார்கள்.

அது நடக்கவில்லை. காரணம் அறிவு போதாமை அல்ல. ஒரு கம்பனியின் வயரில் ஒரு பிரதி நுழைந்து, அடுத்த கம்பனியிடம் ஆயிரமாகப் பிரிந்தால் யார் யாருக்குக் காசு கொடுப்பது? ஒவ்வொரு குழுவையும் ரவுட்டர்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சுமை யாருக்கு? குழுவுக்குள் எவரும் எதையும் அனுப்பலாம் என்றால் பாதுகாப்பு என்னாவது? இதற்கெல்லாம் கம்பனிகளிடையே உடன்பாடு வரவில்லை. அதனால் மல்டிகாஸ்ட் பெரும்பாலும் ஒவ்வொரு கம்பனியின் மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்டர்நெட் வயரில் வரும் நேரலை டிவி சனல்கள் பொதுவாக இந்த முறையில்தான் வருகின்றன. கிரிக்கெட்டுக்குக் கிடைத்த வழி எங்கள் கணிதப் பாடத்துக்குக் கிடைக்கவில்லை.

மல்டிகாஸ்ட் பரவியிருந்தால் டேட்டா சும்மா கிடைத்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. விலை மனிதர் தீர்மானிப்பது. 2020இல் பல்கலைக்கழக மாணவருக்கு லேர்ன் ஊடாகச் சூம் வகுப்புகள் டேட்டா செலவில்லாமல் கிடைத்தன. கேட்க ஒரு நிறுவனம் இருந்தது, கொடுக்க முடிந்தது. 2021இல் பதுளைப் பக்கம் பொஹிட்டியாவவில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுப் பாறையில் ஏறினார்கள். 

2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பூட்டினோம். இன்னொரு நாள் பூட்ட மாட்டோம் என்று யாரும் எழுதித் தர முடியாது. எனவே ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள். டீரிங் சொன்னதை நாமே கையால் செய்யலாம். பாடத்தை ஒரு கணினியில் ஒரே தடவை இறக்குவோம். பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு சின்ன வைஃபை ரவுட்டர் வைப்போம். பிள்ளைகள் டேட்டா இல்லாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

கஞ்சியைப் பங்கிடத் தெரிந்த ஊருக்குப் பாடத்தைப் பங்கிடுவது கஷ்டமில்லை. ரவுட்டர் தரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள்.