டார்வினும் குருவி மூக்கும்

டார்வின் கதையை நம்மாளுங்க சொல்ற விதமே தனி. கலாபகோஸ் தீவுல இறங்கினாராம், குருவிகளோட அலகைப் பார்த்தாராம், பரிணாமம் பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சாம். நல்ல கதைதான். நடந்தது வேற.

1835 செப்டம்பரில் அங்கே போய் ஐந்து வாரம் சுற்றினார், அது உண்மை. ஆனால் பிடித்த குருவிகளில் பலவற்றுக்கு, எந்தத் தீவில் பிடித்தது என்று ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. (இத்தனைக்கும் வண்டு சேகரிப்பதில் மனுஷன் கில்லாடி!) அலகு ஆளுக்கொரு மாதிரி இருந்ததால், சிலதை வேறு குடும்பத்துப் பறவை என்றே நினைத்துக்கொண்டார். 1837 ஜனவரியில் லண்டனில் ஜான் கௌல்ட் என்ற பறவை நிபுணர்தான், "எல்லாம் ஒரே கூட்டம்" என்று கண்டு சொன்னார். அப்புறம்தான் டார்வின், கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் சேர்த்த பறவைகளைத் தேடிப் போய்த் தீவுக்கணக்குப் பார்த்தார். 1859இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் இந்த அலகுக் கதை கிடையவே கிடையாது.

அலகு உயிரைக் காப்பாற்றுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு இரண்டு பேர். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி. 1973 முதல் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் கூடாரம் போட்டு, குருவிகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கேட்டால் இவங்கதான் இந்தக் கதையோட ஹீரோ, ஹீரோயின்.

1977இல் மழை பொய்த்தது. சின்ன விதை எல்லாம் தீர்ந்துபோச்சு. மிச்சம் இருந்தது பெரிய, கெட்டியான விதைகள். முக்கியமாக ஒரு முள்ளுக்காய். நம்ம ஊர் ஒத்தையடிப் பாதையில காலைக் குத்துமே நெருஞ்சி, அதோட பங்காளி. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவி என்ற இனத்தில் சுமார் 1200 இருந்தது, 180 ஆகிவிட்டது. பிழைத்தவற்றின் அலகை அளந்தால், சராசரி தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல்! அவ்வளவுதாங்க வித்தியாசம். 1978இல் பொரிந்த குஞ்சுகளுக்கும் தடித்த அலகுதான்.

சரி, இனி தடி மூக்குக்காரன் ராஜ்ஜியமா? அதுவும் இல்லை. 1983இல் எல் நினோ மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தீவு முழுக்கக் கொடி படர்ந்து, சின்ன விதை குவிந்தது. அடுத்த வறட்சியில் தாக்குப்பிடித்தவை சின்ன அலகுக் குருவிகள்.