ஓநாய்ச் சிலந்திகளை இனம் பிரித்த கதை

ஓநாய்ச் சிலந்தியின் குடும்பத்தைக் கண்டுகொள்வது எளிது. முகத்தில் கீழ்வரிசையில் நான்கு சின்னக் கண்கள், அவற்றுக்கு மேலே நேராகப் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள், தலையுச்சியில் சற்றுப் பின்தள்ளி இன்னும் இரண்டு. தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். இவை எல்லாம் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த ஓநாய்ச் சிலந்தி என்று கேட்டால் பழகியவர்களே திணறுவார்கள். பெயரிடப்பட்ட இனங்கள் 2,400-க்கு மேல். பெரும்பாலானவை மண் நிறம், சருகு நிறம்.

அவற்றைப் பிரித்தறியும் வேலைக்கு முறையான தொடக்கம் சுவீடனில் அமைந்தது. கார்ல் கிளெர்க் ஸ்டாக்ஹோம் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த அதிகாரி. 1739-இல் அந்த ஊரில் இயற்கையாளர் லின்னேயஸ் ஆற்றிய உரையைக் கேட்டவர். 1757-இல் சுவீடனின் சிலந்திகளைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். லத்தீனிலும் சுவீடிஷிலும் எழுதிய அந்த நூலில் அறுபதுக்கும் மேற்பட்ட சிலந்திகளுக்கு இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயர்களைச் சூட்டினார். லின்னேயஸ் எல்லா விலங்குகளுக்கும் அப்படிப் பெயரிட்ட நூற்பதிப்பு வந்தது அடுத்த ஆண்டில்தான். விலங்குப் பெயர்களுக்கான உலக விதிகளின்படி 1758-க்கு முந்திய பெயர் எதுவும் செல்லாது; கிளெர்க்கின் சிலந்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. லின்னேயஸ் வைத்த பெயரோடு மோதினாலும் கிளெர்க் வைத்ததே நிற்கும். அலுவலக வேலைக்கு நடுவே சிலந்தியைக் கவனித்த ஒரு மனிதருக்கு அறிவியல் செய்த மிக நியாயமான மரியாதை என்று இதைச் சொல்வேன். ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் பார்டோசா அமென்டாட்டா என்ற ஓநாய்ச் சிலந்தி இன்றும் அவர் பெயரையும் 1757 என்ற ஆண்டையும் தாங்கி நிற்கிறது.

1804-இல் பிரான்ஸின் லத்ரேய், ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லைகோசா என்ற பேரினத்தை அமைத்தார். 1833-இல் விலங்கியலாளர் சுண்டெவால் அதைக் குடும்பமாக்கினார். ஆனாலும் நிறத்தையும் கோலத்தையும் நம்பிய அடையாளங்கள் அடிக்கடி காலை வாரின. ஆணும் பெண்ணும் வேறு நிறம், வயதுக்கு வயது மாற்றம். ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் நிறமே வெளுத்துவிடும்.

நுண்ணோக்கி மேம்பட்ட 19-ஆம் நூற்றாண்டில்தான் உறுதியான பிடி கிடைத்தது. ஆண் சிலந்தியின் வாயோரம் குட்டிக் கைகள் இரண்டு இருக்கின்றன. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு அவற்றின் நுனி புடைத்து, கொக்கிகளும் முனைகளுமாக விரியும். ஆண் ஒரு சின்ன வலை பின்னி, அதில் விந்துத் துளியை விட்டு, இந்தக் கைகளில் உறிஞ்சிக்கொண்டுதான் பெண்ணைத் தேடிப் போகும். பெண்ணின் அடிவயிற்றில் அதற்கேற்ற கெட்டித் தகடு ஒன்று உண்டு. பூட்டும் சாவியும் போல இனத்துக்கு இனம் அமைப்பு வேறு. சிலந்தியாளர்கள் இந்த உறுப்புகளை வரைந்து வரைந்தே இனம் பிரித்தார்கள். இன்றும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். முழு வளர்ச்சி அடையாத சிலந்தியை நிபுணரிடம் காட்டினால் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணமும் இதுவே.

இந்த முறையும் போதாமல் போன இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் சருகுகளுக்கிடையே ஷைசோகோசா ஒக்ரியேட்டா என்ற ஓநாய்ச் சிலந்தி வாழ்கிறது. 1844-இல் நிக்கோலஸ் ஹென்ட்ஸ் அதற்குப் பெயரிட்டார். ஆணின் முன்னங்கால்களில் கறுப்பு மயிர்க் குஞ்சங்கள் இருக்கும். ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில், வெள்ளம் அமுக்கிய சருகுகளில், குஞ்சமில்லாத ஆண்களும் தென்பட்டன. இரண்டு வகைப் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிய முடியவில்லை. உறுப்புகளும் ஏறக்குறைய ஒன்றே.

விடை சொன்னது தாளம். ஜெரோம் ரோவ்னர் என்ற ஆய்வாளர் 1975-இல் ஓநாய்ச் சிலந்திகள் எப்படி ஒலி எழுப்புகின்றன என்று விளக்கியிருந்தார். ஆணின் அந்தக் குட்டிக் கைகளின் மூட்டில் அரம் போன்ற ஒரு பகுதியும் அதில் உரசும் பகுதியும் உள்ளன. கையின் நுனியிலுள்ள முட்கள் சருகில் பதிந்திருப்பதால் அதிர்வு இலைக்குள் இறங்கி, இலை வழியே பெண்ணின் கால்களை எட்டுகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தபோது இரண்டு ஷைசோகோசாக்களும் முற்றிலும் வேறாகத் தெரிந்தன. குஞ்சமுள்ள ஆண் விட்டுவிட்டு நடந்து, தரையைத் தட்டி, காலை உயர்த்தி ஆட்டும். குஞ்சமில்லாத ஆண் உடம்பைத் தரையில் மோதி எழும், சற்று அசையாமல் நிற்கும், மறுபடி மோதும். 1979-இல் ஜார்ஜ் யூட்ஸும் சார்லஸ் டோண்டேலும் அதைத் தனி இனமாக அறிவித்து, ரோவ்னரைச் சிறப்பிக்கும் வகையில் ஷைசோகோசா ரோவ்னெரி என்று பெயரிட்டார்கள்.

பெயர் வைத்ததோடு அவர்கள் விட்டுவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. 1981-இல் கெயில் ஸ்ட்ராட்டனும் யூட்ஸும் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண் கண்ணில் படாமல் அதிர்வு மட்டும் வந்து சேர்ந்தாலே பெண் தன் இனத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆய்வகத்தில் இரண்டு இனங்களையும் வலிந்து சேர்த்தபோது கலப்புக் குஞ்சுகளும் பிறந்தன. அந்த ஆண்கள் இரண்டு தாளங்களையும் கலந்து ஆடின. ஆக, இரண்டு இனங்களையும் கலக்காமல் காப்பது பெண்ணின் தேர்வு. நாம் நுண்ணோக்கி வைத்துத் தேடிய வேறுபாட்டை அவள் காலடி அதிர்விலேயே உணர்ந்திருக்கிறாள்.

ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. பார்டோசா லூகுப்ரிஸ் என்று ஒரே பெயரில் அழைத்து வந்தவை உண்மையில் பல இனங்கள் என்று, ஆண்களின் காதல் ஆட்டத்தை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். அதன்பின் பிரிட்டனில் பழைய சேகரிப்புகளைத் திரும்பிப் பார்த்தால், லூகுப்ரிஸ் என்று எழுதி வைத்தவற்றில் பெரும்பாலானவை பார்டோசா சால்டன்ஸ்!

நம் பக்கத்தில் இந்தக் கதைக்கு நூறாண்டு வேர் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி 1924-இல் இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். 1980-இல் டிகாதரும் மல்ஹோத்ராவும் அவற்றை ஒரு தொகுதியில் சேர்த்தார்கள். நம் நெல்வயலில் புகையானையும் தத்துப்பூச்சியையும் வேட்டையாடும் பார்டோசா சூடோஆனுலாட்டா என்ற சிலந்தி, 1906-இல் ஜப்பான் சிலந்திகளோடு விவரிக்கப்பட்ட ஒன்று. பூச்சிக்கொல்லி அடித்தால் அதுவும் சேர்ந்து சாகிறது, பிறகு புகையான் பெருகுகிறது. அதனால் வரப்பில் ஓடுவது எது என்று தெரிந்திருப்பது உழவருக்கும் தேவையான அறிவு.

இருட்டியபின் ஒரு டார்ச்சை நெற்றியோரம் பிடித்து வயலோரத்தைப் பாருங்கள். புல்லுக்கிடையே கண்கள் மின்னும். படமெடுத்தால் முகத்தை நேராக ஒன்றும் முதுகை மேலிருந்து ஒன்றும் எடுங்கள். இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். ஆண் ஆடுவது கண்ணில் பட்டால் அதை வீடியோவாகவே எடுங்கள். முட்டைப் பையோடு போகும் தாயை மட்டும் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.