புள்ளலூர் 1780: ஐதர் அலியின் படை உருவாக்கத்தில் பிரெஞ்சு அதிகாரிகளின் பங்கு

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அழிந்தது. வென்றது மைசூர்ப் படை. ஐதர் அலி ஆட்சியைக் கைப்பற்றி இருபது ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் அந்தப் படை இந்த வலிமையை எவ்வாறு பெற்றது? அதில் அயல்நாட்டு அதிகாரிகளின் பங்கு எவ்வளவு? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சி முறையின் வருகை

1746இல் அடையாற்றங்கரையில் பரடி என்ற அதிகாரியின் கீழ் போரிட்ட சிறிய பிரெஞ்சுப் படை, அதைவிடப் பன்மடங்கு பெரிய ஆர்க்காட்டு நவாபின் படையை விரட்டியது. அந்தச் சிறு படையில் பிரெஞ்சுக்காரர் பயிற்றுவித்த இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். வரிசை குலையாமல் நின்று, கட்டளைப்படி மாறி மாறிச் சுடும் காலாட்படைக்கு எதிரே பெருங்குதிரைப்படையும் நிற்க முடியாது என்பதை அப்போர் காட்டியது. 1748இல் கடலூருக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், ஆங்கிலேயர் தரப்பிலும் இதே முறையைப் புகுத்தினார். பின்னர் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த நீண்ட போரில் மைசூர்ப் படையும் கலந்துகொண்டது. அப்போது அதில் பணியாற்றிய ஐதர், இரு ஐரோப்பியத் தரப்புகளின் போர்முறையையும் நேரில் கண்டார்.

திண்டுக்கல் பட்டறை

1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாரான ஐதர், பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்துப் பீரங்கிப் பட்டறையும் ஆயுதச் சாலையும் அமைத்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், வேலையிழந்த பிரெஞ்சு வீரர் பலர் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1779இல் ஆங்கிலேயரின் நெருக்குதலால் ஆதோனியை ஆண்ட பசாலத் ஜங் தம் பிரெஞ்சுப் படைப்பிரிவை விலக்க நேர்ந்தது. அதன் தலைவர் லாலே தம் ஆட்களுடன் மைசூருக்கு வந்தார். புதுச்சேரியில் தோற்று, 1766இல் பாரிஸில் மரண தண்டனை பெற்ற லாலி பிரபு வேறொருவர்.

மைசூருக்கு வந்த இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஐதரிடம் சம்பளம் பெற்ற ஊழியர்கள். பயிற்சி, பீரங்கி, முற்றுகைப் பொறியியல் ஆகியவற்றில் இவர்களின் கை ஓங்கியிருந்தது. குதிரைப்படை, ஒற்றர் வலை, பீரங்கிகளை இழுத்த அம்ரித் மகால் மாடுகள், இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் ஆகியவை மைசூரின் சொந்த பலங்கள்.

களத்தில் கண்டது

குண்டூரிலிருந்து வந்த பெய்லியைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் தாமதப்படுத்தியது. ஹெக்டர் மன்றோவின் முக்கியப் படை காஞ்சிபுரத்தில் கோவிலைத் தானியக் கிடங்காக்கிக் காத்திருந்தது. அங்கிருந்து பிளெட்சரின் கீழ் அனுப்பிய துணைப்படை செப்டம்பர் 9 அன்று பெய்லியை அடைந்தது. இரு கம்பெனிப் படைகளுக்கு நடுவே சிக்க நேருமோ என அஞ்சிய பிரெஞ்சு அதிகாரிகள், பின்வாங்கும்படி ஐதருக்கு ஆலோசனை கூறியதாகக் கம்பெனிக் கால வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மன்றோ இடம்விட்டு நகரவில்லை என்று ஐதரின் ஒற்றர்கள் உறுதி கூறினர். ஐதர் நம்பியது ஒற்றர்களை.

மறுநாள் காலை, பெய்லியின் படை நடுவே நின்ற வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. தீ வைத்தது ராக்கெட் என்பாரும் உண்டு, லாலேயின் பீரங்கிகள் என்பாரும் உண்டு. வெடிமருந்தை இழந்த சதுர அணி குதிரைப்படையின் பாய்ச்சலில் உடைந்தது. சரணடைந்தவர்கள் வெட்டப்பட்டபோது தடுத்துப் பலரைக் காத்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகளே. பீரங்கியோசை கேட்டுப் புறப்பட்டிருந்த மன்றோ, பாதிவழியில் திரும்பினார். கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

சீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியம் இப்போரைக் காட்டுகிறது. பல்லக்கில் பெய்லியும், தொலைநோக்கியுடன் லாலேயும் அதில் உள்ளனர். ஆனால் ஓவியத்தின் தலைமையிடம் ஐதருக்கும் அவர் மகன் திப்புவுக்கும் உரியது.

உதவியின் எல்லை

ஐதருக்குப்பின் ஆட்சிக்கு வந்த திப்பு 1783இல் மங்களூரை முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமான செய்தி எட்டியது. உடனே பிரெஞ்சுப் படையினர் போரிலிருந்து விலகினர். திப்பு தனித்து முற்றுகையைத் தொடர்ந்தார். 1784 ஜனவரியில் கோட்டை பணிந்தது. அவர் காலத்தில் ஜைனுல் ஆபிதீன் சுஸ்தாரி இயற்றிய ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்ற படைக்கையேடு, ஐரோப்பிய அணிவகுப்புப் பயிற்சியைப் பாரசீக மொழியில் விதிகளாக்கியது.

பிரெஞ்சு அதிகாரிகள் மைசூருக்குத் தொழில்நுணுக்கத்தைத் தந்தனர். புள்ளலூரில் அதன் பயன் தெரிந்தது. ஆனால் எப்போது, எங்கே போரிடுவது என்ற முடிவை ஐதர் ஒருபோதும் அவர்களிடம் விடவில்லை. அவர்கள் விலகிய பின்னும் அந்தப் படை நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.