பேக்கேஜில் எல்லாம் இருந்தது, நடவாள் மட்டும் இல்லை

1960. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு ஒரு பேக்கேஜ் வந்தது. டூர் பேக்கேஜ் இல்லைங்க. நிஜமாவே அந்தப் பேர்லதான் அரசு அதிகாரிகளும் மிராசுதார்களும் அதைக் கூப்பிட்டாங்க: பேக்கேஜ் திட்டம். காகிதத்தில் இருந்த பெயர், தீவிர விவசாய மாவட்டத் திட்டம்.

கொஞ்சம் நீளமான த்ரெட். டெல்டாக்காரங்க கண்டிப்பா படிங்க. "பல துறைகள் ஒருங்கிணைந்து செயல்படும்" என்று அரசு அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

அப்போது நாட்டில் கடுமையான உணவுத் தட்டுப்பாடு, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இருந்த காலம். 1959ல் ஃபோர்டு அறக்கட்டளை அழைத்து வந்த நிபுணர் குழு ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் இதுதான்: எல்லா மாவட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உரமும் கடனும் தெளிச்சு பிரயோஜனம் இல்ல. தண்ணீர் உறுதியா இருக்கிற சில மாவட்டங்களைப் பிடிங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கொண்டு போய் இறக்குங்க.

டாக்டர்களுக்கு இது எளிதாகப் புரியும். காசநோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது, மூணு நாலு மருந்தைச் சேர்த்துத்தான் கொடுக்கணும். அதே லாஜிக்.

முதலில் தேர்ந்தெடுத்தவை ஏழு மாவட்டங்கள். பஞ்சாபில் லூதியானா, ஆந்திராவில் மேற்கு கோதாவரி, உத்தரப்பிரதேசத்தில் அலிகார், பீகாரில் ஷாகாபாத், மத்தியப்பிரதேசத்தில் ராய்ப்பூர், ராஜஸ்தானில் பாலி. சென்னை மாநிலத்தில் நம்ம தஞ்சாவூர். 1934ல் மேட்டூர் அணை வந்தபிறகு டெல்டா அளவுக்குத் தண்ணீர் உறுதியுள்ள இடம் மாநிலத்தில் வேறு ஏது?

திட்டத்துக்குப் பத்து அம்சங்கள். கூட்டுறவுக் கடன், உரம், விதை, விலை உத்தரவாதம், சந்தை, செயல்விளக்கம், பண்ணை வாரியாகத் திட்டம், இப்படிப் போகும். இவற்றில் ஒன்று, உள்ளூர்க் கூலி ஆட்களை வைத்து வடிகால், வரப்பு வேலைகள் செய்வது. இன்னொன்று, எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைப்பது. ஆமாங்க, ஒருங்கிணைப்பையே ஒரு அம்சமா எழுதி வெச்சிருந்தாங்க! எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஏன் அதைத் தனியா எழுதணும்? அன்றைய டெல்லியைப் பாருங்க. விவசாயம் எஸ்.கே.பாட்டீல் அமைச்சகத்தில். ஊருக்கு ஊர் போய் விவசாயிகிட்ட பேசவேண்டிய கிராம சேவக் இருந்தது எஸ்.கே.டேயின் சமுதாய வளர்ச்சி அமைச்சகத்தில். கூட்டுறவும் அங்கேதான். விவசாயக் கூலி பற்றிய விவரங்களோ குல்சாரிலால் நந்தாவின் தொழிலாளர் அமைச்சகத்தில். ஒரு நெல்மணிக்கு மூணு அமைச்சகம்!

முதல் இரண்டையும் மாவட்டத்தில் ஓரளவு கட்டிப் போட்டாங்க. அதை மனசாரப் பாராட்டணும். கலெக்டருக்குக் கீழே தனி திட்ட அலுவலர். ஒரு பிளாக்குக்குப் பத்து கிராம சேவக் இருந்த இடத்தில் இரண்டு மடங்கு ஆட்கள். கூடவே விவசாய விரிவாக்க அலுவலர்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி. ஒரு மாவட்டம் முழுக்க, இவ்வளவு பேரைப் பழக்கி வயலுக்கு அனுப்பினாங்க.

அப்புறம் ஆடுதுறை. 1922ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வந்தது ஏ.டி.டி.27. ஜப்பானிய நோரின் 10, நம்ம ஜி.இ.பி.24, ரெண்டுக்கும் பிறந்த பிள்ளை. 105 நாள் பயிர். 1965-66ல் வயலுக்கு வந்தது, இரண்டு மூன்று பட்டத்துக்குள் குறுவை வயலின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேளுங்க, "ஆடுதுறை இருபத்தேழு"ன்னா முகம் மலரும்.

சரி, மூணாவது அமைச்சகம்?

அங்கேதான் இந்தக் கதையின் சிக்கல். தொழிலாளர் அமைச்சகம் இரண்டு முறை அகில இந்திய விவசாயத் தொழிலாளர் விசாரணை நடத்தியிருந்தது. 1950-51ல் ஒன்று, 1956-57ல் ஒன்று. ஆண் கூலியின் சராசரி தினக்கூலி 1 ரூபாய் 9 பைசாவிலிருந்து 96 பைசாவாகக் குறைந்தது என்றது இரண்டாவது விசாரணை. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடிந்து, அடுத்தது ஓடிக்கொண்டிருக்கும்போது கூலி குறைகிறது! இந்த எண் ஒரு அமைச்சகத்தின் அலமாரியில் இருக்கும்போதே, பக்கத்து அமைச்சகங்கள் பேக்கேஜுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆட்கள் பட்டியலில் கடன் பார்க்க ஆள் உண்டு, மண் பார்க்க ஆள் உண்டு. கூலி பார்க்க ஆள் இல்லை. உள்ளூர் வேலைகள் என்ற அந்த அம்சத்தையும் யாரும் தன் இலக்காக எடுத்துக்கொள்ளவில்லை, அது சவலைப்பிள்ளை ஆனது.

ஐ.சி.யூ.வில் இதைப் பார்க்கலாம். ஐந்து துறை டாக்டர்கள் வந்து ஐந்து குறிப்பு எழுதுவார்கள், ஐந்தும் சரியாக இருக்கும். நோயாளி சாப்பிட்டாரா என்பது எவர் குறிப்பிலும் இருக்காது.

இத்தனைக்கும் தஞ்சையில் கூலிப் பிரச்சினை யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. நிலம் சில நூறு குடும்பங்களிடமும் கோயில், மடங்களிடமும் குவிந்த மாவட்டம். பண்ணையாட்கள் பெரும்பாலும் தலித்துகள். பி.சீனிவாச ராவ் போன்ற தோழர்கள் 1940களிலேயே சங்கம் கட்டிப் போராடினார்கள். அதன் சூடு தாங்காமல் 1952ல் ராஜாஜி அரசே தஞ்சைக்கென்று தனியாக சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றது சட்டம். பல மிராசுகள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற முறையையே கைவிட்டு, தினக்கூலிக்கு மாறிவிட்டார்கள். சட்டம் காப்பாற்ற வந்த ஆளே காணாமல் போனார்.

இந்த நிலத்தில்தான் 105 நாள் நெல் வந்து இறங்கியது. யோசிச்சுப் பாருங்க. குறுவை அறுத்த கையோடு தாளடி நடணும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். அறுப்பு, கதிரடிப்பு, நடவு எல்லாம் சில வாரங்களுக்குள் நெருக்கும். அந்தச் சில வாரம் கூலி ஆள்தான் ராஜா. "விளைச்சல் கூடிருச்சு, எங்க நெல்லும் கூடணும்" என்று மரக்கால் கணக்கில் கேட்கிறார்கள், நியாயம்தானே? நில உரிமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1967, 1968 இரண்டு வருடமும் கிழக்குத் தஞ்சையில் அறுவடைக் காலம் என்றாலே போலீஸ்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. ஒரே குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

பேக்கேஜ் திட்டத்தால்தான் வெண்மணி நடந்தது என்று நான் சொல்லவில்லை. கொன்றவர்கள் மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் சாதி இருந்தது, அது நெல் ரகத்தைவிட மிகப் பழையது. ஆனால் கூலித் தகராறு முற்றுவதை முன்கூட்டியே பார்க்கவேண்டிய ஒரு அரசு நாற்காலி காலியாகவே இருந்தது. அதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. கணபதியா பிள்ளை கமிஷன். 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், கூலியை நெல்லாகவே நிர்ணயித்தது. அதே வருடம் மத்திய உள்துறை அமைச்சகம் நாடு முழுவதும் உள்ள விவசாயப் பதற்றங்கள் பற்றி அறிக்கை தயாரித்தது. கவனிங்க, உள்துறை! விவசாயமும் தொழிலாளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவேண்டிய கோப்பு, கடைசியில் போலீஸ் அமைச்சகத்தின் மேஜைக்குப் போனது. வழக்கில் 1970ல் தண்டனை பெற்ற நில உரிமையாளர்களை 1973ல் உயர்நீதிமன்றம் விடுவித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கு வாங்க. திறன் மேம்பாட்டுக்கு 2014ல் மத்தியில் தனி அமைச்சகமே வந்துவிட்டது. மாநிலத்தில் திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. நூறு நாள் வேலை தஞ்சைக்கு 2007ல் வந்தது, அது ஊரக வளர்ச்சித் துறை. நடவு இயந்திரமும் ட்ரோன் பயிற்சியும் வேளாண்துறை. "நூறு நாள் வேலையால் நடவுக்கு ஆள் இல்லை" என்று விவசாயிகள் ஒவ்வொரு பட்டத்திலும் புலம்புவது இரண்டு துறைகளுக்கும் கேட்கிறது, இரண்டும் மற்றதைக் கை காட்டுகின்றன.

இதற்கு நடுவில் டெல்டா வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த குழுக்கள் கயிறு பிடித்து வேகமாக நட்டுக்கொண்டிருக்கின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். நம்ம ஊர்ப் பையன்கள் திருப்பூரில். வேளாண்துறைக்கு இவர்கள் விவசாயிகள் இல்லை. ஊரக வளர்ச்சித் துறையின் வேலை அட்டை இவர்களுக்கு இந்த ஊரில் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒன்று 1979லிருந்து 2025 வரை இருந்தது, அது தொழிலாளர் துறை. இவர்களில் ஒருவரை வயலில் பாம்பு கடித்தால் முதலில் வருவது எங்களிடம்தான். விஷமுறிவு மருந்தைப் போட்டுவிடுவோம், அதில் தாமதம் கிடையாது. வேலை செய்யும் இடம், முதலாளி பெயர் என்று கேஸ் ஷீட்டில் நிரப்பும்போதுதான் கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.