செல்போன் ஸ்கிரீனை சட்டையில் துடைப்பவரா நீங்கள்? கண்ணுக்குத் தெரியாத ‘கோட்டிங்’ போய்விடும்... கவனம்!

புது போன் வாங்கிய முதல் சில மாதங்களுக்கு ஸ்கிரீனில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். கைரேகை பட்டாலும் ஒருமுறை துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதே போனை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. ‘போன் பழசாயிடுச்சு, அவ்வளவுதான்’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், கண்ணாடி மேல் இருந்த மெல்லிய பூச்சு தேய்ந்துபோனதுதான் இதற்குக் காரணம். அது சீக்கிரமே தேய்வதற்கு, துடைக்கும் விதமும் முக்கியக் காரணம்.

அது என்ன கோட்டிங்?

இதன் பெயர் ‘ஓலியோஃபோபிக் கோட்டிங்’. எண்ணெயை ஒட்டவிடாத பூச்சு என்று அர்த்தம். ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருளால் ஆன இந்தப் பூச்சு, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஐபோன்களில் 2009-ல் வந்த 3ஜிஎஸ் மாடலில்தான் இது முதன்முதலில் இடம்பெற்றது. இன்று பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது.

விரல் படப்பட இந்தப் பூச்சு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதைத் தடுக்க முடியாது. ஆனால், தவறாகத் துடைத்தால் இன்னும் வேகமாகத் தேயும். பூச்சு போனதும் அழுக்கு அதிகமாக ஒட்டும். அழுக்கு ஒட்டியதும் இன்னும் அழுத்தித் துடைப்போம். மிச்சமிருப்பதும் போய்விடும்!

உங்கள் போனில் இருக்கிறதா?

சுத்தமான ஸ்கிரீனில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. பரவி ஒட்டிக்கொண்டால் தேய்ந்துவிட்டது. டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால், இந்தச் சோதனை அதன் மேல் உள்ள பூச்சுக்குத்தான் பொருந்தும்.

எதையெல்லாம் பயன்படுத்தக் கூடாது?

* சட்டை நுனி, சேலை முந்தானை, கர்ச்சீப்: துணியைவிட, அதில் ஒட்டியிருக்கும் தூசிதான் பிரச்னை. மணலில் உள்ள குவார்ட்ஸ், கண்ணாடியில் கீறல் போடும் அளவுக்குக் கடினமானது. பீச்சுக்குப் போய் வந்த கையோடு சட்டையில் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

* டூத்பேஸ்ட், சமையல் சோடா: ‘கீறல் போகும்’ என்று வீடியோக்களில் சொல்வார்கள். இரண்டுமே தேய்த்து எடுக்கும் பொருட்கள். கீறல் போகாது, கோட்டிங்தான் போகும்.

* ஜன்னல் கண்ணாடி ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர், பிளீச்சிங்: அம்மோனியா, அசிட்டோன் போன்றவை பூச்சை அரிக்கக்கூடியவை.

* ஹேண்ட் சானிடைசர்: கைக்காகத் தயாரித்தது. அதில் கலந்திருக்கும் கிளிசரின் ஸ்கிரீனில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும்.

எப்படித் துடைப்பது?

1. சார்ஜரையும் கவரையும் கழற்றிவிட்டு, போனை ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள்.

2. தூசி, மணல் இருந்தால் முதலில் போனைச் சாய்த்து லேசாகத் தட்டி உதறுங்கள். உடனே தேய்க்க வேண்டாம்.

3. சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். தினசரி அழுக்குக்கு இதுவே போதும்.

4. பிசுக்கு போகவில்லையா? துணியின் ஒரு ஓரத்தை மட்டும் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டு, காய்ந்த பக்கத்தால் ஈரத்தை எடுங்கள். தண்ணீரைத் துணியில்தான் விட வேண்டும்; போன் மேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. ஸ்பீக்கர், சார்ஜிங் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிடும்.

‘என் போன் ஐபி68, வாட்டர்ப்ரூஃப்’ என்று குழாயடியில் காட்டுபவர்களும் உண்டு. அந்தப் பாதுகாப்பு நிரந்தரமானது இல்லை. போன் பழசாக ஆக அதுவும் குறையும்.

கிருமி நீக்க வேண்டுமென்றால்?

கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைப்ஸ் கொண்டு ஐபோனின் வெளிப்புறத்தை மென்மையாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் தனது வழிகாட்டுதலை மாற்றியது. காய்ச்சல் வந்தவர் போனைத் தொட்டிருந்தாலோ, மருத்துவமனைக்குப் போய் வந்தாலோ இப்படித் துடைக்கலாம். தினமும் பல தடவை செய்யத் தேவையில்லை. மடக்கும் போன்களின் உள் ஸ்கிரீன் மென்மையானது என்பதால், அந்த நிறுவனத்தின் வழிகாட்டுதலைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

பூச்சு ஏற்கெனவே போய்விட்டதா?

பயப்பட வேண்டாம். டச் வேலை செய்வதில் பெரிய மாற்றம் இருக்காது. கைரேகைதான் அதிகம் தெரியும். ஸ்கிரீனையே மாற்றுவதற்குப் பதிலாக, பூச்சுள்ள நல்ல டெம்பர்டு கிளாஸ் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். அது தேய்ந்தால் கிளாஸை மட்டும் மாற்றினால் போதும்.

மைக்ரோ ஃபைபர் துணிக்காகக் கடைக்கு ஓட வேண்டியதும் இல்லை. மூக்குக் கண்ணாடி வாங்கும்போது டப்பாவில் வைத்துக் கொடுப்பார்களே, பெரும்பாலும் அதே துணிதான். அவ்வப்போது சோப்பு போட்டு அலசிக் காயவையுங்கள். துணி வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் மட்டும் வேண்டாம். அதன் பிசுக்கு ஸ்கிரீனில் ஏறிவிடும்.